முகாமுக்கு அனுப்புமுன் கேட்க வேண்டியவை



பள்ளி விடுமுறை நெருங்க நெருங்க, நம் தம்போய் வட்டாரத்து வீடுகளுக்கு ஒரு காகிதம் வந்து சேர்கிறது. சாரணர் முகாம், தலைமைத்துவப் பயிற்சி, தன்முனைப்பு முகாம், ஒழுக்கப் பயிற்சிப் பாசறை என்று அதன் பெயர் பலவாறாக இருக்கும். எங்கே, எத்தனை நாள், எவ்வளவு கட்டணம், என்னென்ன உடுப்பு என்று வரிசையாக எழுதி, அடியில் பெற்றோர் கையெழுத்திட ஒரு கோடு போட்டிருப்பார்கள். பிள்ளை அவசரப்படுத்துவான்; நாமும் அரை நிமிஷத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறோம்.

ஒரு மோட்டார் சைக்கிளைப் பட்டறையில் விட்டால்கூட, யார் பார்ப்பார், என்ன செய்வார், என்றைக்குத் திரும்பக் கிடைக்கும் என்று மூன்று கேள்வியாவது கேட்காமல் நாம் வருவதில்லை. பெற்ற பிள்ளையை மூன்று நாளைக்கு முன்பின் அறியாதவர் கையில் ஒப்படைக்கும்போது ஒரு கேள்வியும் கேட்பதில்லை. கேட்டால் சந்தேகப்படுவதாக நினைப்பார்களே என்ற கூச்சம் ஒரு காரணம். நல்ல காரியத்துக்குத்தானே அழைக்கிறார்கள் என்ற நம்பிக்கை இன்னொரு காரணம். பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் தந்த அமானிதம் என்று மேடைதோறும் சொல்லுகிறோம். அமானிதத்தைப் பிறர் கையில் கொடுக்கிறவன் விசாரித்துக் கொடுக்க வேண்டும் என்பதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

ஆகவே, இம்மாதப் பாடமாக இவ்விஷயத்தை எடுத்துக்கொண்டோம். முகாமுக்கு அனுப்பாதீர்கள் என்று சொல்வது நம் நோக்கமன்று. எதைக் கேட்டு அனுப்ப வேண்டும் என்பதே இங்குள்ள பாடம்.

முகாமினால் வரும் நன்மை

இளைஞர்களைத் திறந்த வெளிக்கு அழைத்துச் சென்று பழக்கும் முறை நம் நாட்டுக்குப் புதிதன்று. சாரணர் இயக்கம் 1907ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிரௌன்சீ என்ற சிறு தீவில் நடந்த ஒரு முகாமிலிருந்து பிறந்து உலகெங்கும் பரவியது. அவுட்வர்ட் பவுண்ட் என்னும் பயிற்சிப் பள்ளி 1941இல் வேல்ஸ் நாட்டுக் கடற்கரையில் தொடங்கி, 1954இல் நம் பேராக் மாநிலத்து லுமுட்டுக்கு வந்து சேர்ந்தது. கூடாரம் அடிக்கவும், சமைக்கவும், பிறருக்காகக் காத்திருக்கவும், இருட்டில் பயப்படாதிருக்கவும் அங்கே பிள்ளைகள் கற்கிறார்கள். வேறு இனத்து, வேறு மதத்துப் பிள்ளைகளோடு ஒரே தட்டிலிருந்து பகிர்ந்து உண்ணப் பழகுகிறார்கள். நம் பெண்பிள்ளைகளுக்கு இவ்வாய்ப்பு மிகக் குறைவாகவே கிட்டுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வீட்டிலேயே பூட்டி வைத்தால் பிள்ளை பத்திரமாக இருக்கும் என்று எண்ணுவதும் சரியன்று. கதவைச் சாத்திக்கொண்டு கைத்தொலைபேசியோடு இருக்கும் பிள்ளையிடம் யார் யார் பேசுகிறார்கள் என்பது நமக்குத் தெரியாது. ஆகையால், அனுப்புவதா வேண்டாமா என்று தவிப்பதை விட்டுவிட்டு, எப்படி அனுப்புவது என்று யோசிப்பதே அறிவுடைமை.

சோதிக்காத பாலமும் விசாரிக்காத ஆளும்

நம் தமிழ் மக்களிடையே நடந்த இரண்டு துயர நிகழ்ச்சிகளை இங்கே நினைவுபடுத்துகிறோம். ஒன்று நம் நாட்டில் நடந்தது. மற்றொன்று தமிழ்நாட்டில் நடந்தது.

2009ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் தேதி இரவு. பேராக், கம்பார் வட்டாரத்திலுள்ள குவாலா டிப்பாங்கில் பல பள்ளிகளின் மாணவர்கள் சேர்ந்து பங்கெடுத்த ‘ஒரே மலேசியா’ முகாம் நடந்துகொண்டிருந்தது. அங்கே ஆற்றின் மேல் புதிதாகக் கட்டியிருந்த தொங்குபாலத்தைப் பிள்ளைகள் கடந்துகொண்டிருந்தபோது பாலம் இடிந்து விழுந்தது. ஆற்றில் விழுந்தவர்களில் பலர் பிழைத்தார்கள். தமிழ்ப்பள்ளிகளில் பயின்ற மூன்று சிறுமியர் உயிரிழந்தார்கள். பாலம் புதியது, ஆனபடியால் உறுதியானது என்றே எல்லோரும் எண்ணியிருப்பார்கள். இத்தனை பிள்ளைகள் இரவு நேரத்தில் ஒருசேர ஏறினால் இது தாங்குமா என்ற ஒரு கேள்வியைப் பிள்ளைகள் கேட்டிருக்க முடியாது. அது பெரியவர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

இரண்டாவது நிகழ்ச்சி 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தமிழ்நாட்டில், கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் அருகே ஒரு தனியார் பள்ளியில் நடந்தது. தேசிய மாணவர் படையின் பெயரால் அங்கே சில நாள் முகாம் நடத்தினார்கள். பிள்ளைகள் இரவும் பள்ளியிலேயே தங்கினார்கள். அந்த முகாமில் ஒரு சிறுமி பாலியல் கொடுமைக்கு ஆளானாள். மேலும் பல சிறுமியரிடம் தகாத முறையில் நடந்துகொண்டதாகவும் புகார் எழுந்தது. விசாரித்துப் பார்த்தபோது அப்பள்ளியில் தேசிய மாணவர் படைப் பிரிவே கிடையாது என்பது வெளியாயிற்று. பயிற்சியாளர் என்று வந்தவரின் பின்னணியைப் பள்ளி விசாரிக்கவில்லை, முகாமைக் கண்காணிக்க ஆசிரியர்களையும் நியமிக்கவில்லை என்று போலீசார் தெரிவித்தார்கள். அதைவிடக் கொடுமை, விஷயம் காதுக்கு எட்டிய பிறகும் பள்ளி நிர்வாகம் போலீசுக்குச் சொல்லாமல் அதை அமுக்கிவிடப் பார்த்தது என்று அவர்கள் கூறியதுதான். பள்ளி முதல்வர் உட்படப் பலர் கைதானார்கள். தமிழக அரசு தனிப் புலனாய்வுக் குழு ஒன்றை அமைத்தது.

ஒன்றில் பாலத்தைச் சோதிக்கவில்லை. மற்றொன்றில் ஆளைச் சோதிக்கவில்லை. பார்வைக்கு இவை வெவ்வேறு விபத்துகள். ஆனால் வேர் ஒன்றுதான். புதுப் பாலத்தை நம்பியதுபோலவே சீருடையை நம்பினார்கள். “இதற்கு யார் பொறுப்பு? யார் பார்த்துச் சரியென்று சொன்னது?” என்று கேட்பவர் ஒருவர் இருந்திருந்தால், இரண்டு இடத்திலும் கதை வேறு விதமாக முடிந்திருக்கக்கூடும்.

ஒட்டகத்தைக் கட்டாமலே அல்லாஹ்வை நம்பி விட்டுவிடலாமா என்று ஒருவர் கேட்டபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்த ஒழுங்கு நாம் எல்லோரும் சிறு வயதில் மதரஸாவில் கேட்டதுதான். கட்டுவது முந்தியது, பொறுப்புச் சாட்டுவது பிந்தியது. மனிதர் முயற்சிக்கு அப்பாற்பட்ட ஆபத்துகளும் உண்டு. 2015 ஜூன் 5ஆம் தேதி கினபாலு மலையில் நிலநடுக்கம் வந்தபோது 18 பேர் உயிரிழந்தார்கள்; அவர்களில் சிங்கப்பூர் ஆரம்பப் பள்ளி ஒன்றின் மாணவர்களும் ஆசிரியர்களும் இருந்தார்கள். அது யாரும் முன்கூட்டி அறிய முடியாதது. நம் கவனக்குறைவினால் வருவதையும் அதே கணக்கில் எழுதி, “தக்தீர்” என்று முடித்துவிடுவது முறையாகாது.

கையெழுத்துக்கு முன் ஆறு கேள்விகள்

முதற் கேள்வி: நடத்துவது யார்? காகிதத்தில் அச்சிட்டுள்ள பெயரையும் சின்னத்தையும் கண்டு திருப்தியடையக் கூடாது. சின்னத்தை எவரும் அச்சடிக்கலாம். சாரணர் முகாம் என்றால் மாவட்டச் சாரணர் அமைப்பிடமும், பள்ளி முகாம் என்றால் தலைமையாசிரியரிடமும், சங்க முகாம் என்றால் சங்கச் செயலாளரிடமும் நேரில் கேட்க வேண்டும். அறிக்கையில் கண்ட தொலைபேசி எண்ணிலேயே கேட்டால், அறிக்கை போட்டவரே பதில் சொல்லுவார். கிருஷ்ணகிரியில் ஒரே ஒரு பெற்றோர் தேசிய மாணவர் படையின் அலுவலகத்தில் விசாரித்திருந்தால் போதும்.

இரண்டாவது கேள்வி: உடன் வரும் பெரியவர்கள் யார் யார்? எத்தனை பிள்ளைக்கு எத்தனை பேர் என்று கணக்குக் கேட்க வேண்டும். பெண்பிள்ளைகள் போனால், இரவிலும் உடன் தங்கும் பெண் பொறுப்பாளர் வேண்டும். பெரியவர் ஒருவரும் பிள்ளை ஒன்றும் தனித்திருக்க இடங்கொடுக்கக் கூடாது. எப்போதும் பெரியவர் இருவர் இருக்க வேண்டும் என்ற விதி உலகெங்கும் நல்ல அமைப்புகளில் உண்டு. நம் நாட்டில் குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களில் தண்டனை பெற்றவர்களின் பதிவேடு சமூகநல இலாகாவிடம் இருக்கிறது. பிள்ளைகளோடு பழகும் வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் அந்த இலாகாவின் மூலம் சரிபார்க்கக் கேட்கலாம். “சரிபார்த்தீர்களா?” என்று நாம் கேட்டால் நேர்மையானவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மூன்றாவது கேள்வி: தங்கும் இடம் எப்படிப்பட்டது? 2022 டிசம்பர் 16ஆம் தேதி விடியுமுன் சிலாங்கூர், பத்தாங் காலியில் ஒரு பண்ணை முகாம் தளத்தின் மேல் மலைச்சரிவு இறங்கி 31 பேர் மாண்டார்கள். அவர்களில் குழந்தைகளும் பலர். அந்தப் பண்ணைக்கு முகாம் தளம் நடத்த உரிமம் இல்லை என்பது பிறகு தெரியவந்தது. ஆகவே உரிமம் உண்டா, மலைச்சரிவின் அடியிலா, ஆற்றங்கரையிலா என்று கேட்பது அவசியம். கட்டடத்துக்குள் தங்குவதானால் வாசல் எத்தனை என்று கேளுங்கள். 2017 செப்டம்பர் 14ஆம் தேதி கோலாலம்பூர் டத்தோ கெராமட் பகுதியில் ஒரு தஹ்ஃபீஸ் பள்ளி தீப்பற்றியபோது 21 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் மாண்டார்கள். ஜன்னல்களில் இரும்புக் கம்பி இருந்தது, வெளியேற வழியில்லை. திருடன் வராமலிருக்கப் போட்ட கம்பியே பிள்ளைகளை வெளியே போகாமல் தடுத்துவிட்டது. பள்ளிவாசல் மண்டபத்திலும் மதரஸாவிலும் பிள்ளைகளைத் தங்கவைக்கும் நாம் அனைவரும் இதை நினைவிற்கொள்ள வேண்டும்.

நான்காவது கேள்வி: நீர், மலை, வெயில் இவற்றுக்கு என்ன ஏற்பாடு? நம் ஜொகூரில் பிள்ளைகளை அழைத்துச் செல்வது கோத்தா திங்கி நீர்வீழ்ச்சி, தேசாரு கடற்கரை, பூலாய் மலை, 1,276 மீட்டர் உயரமுள்ள லேடாங் மலை ஆகிய இடங்களுக்குத்தான். நீர்வீழ்ச்சியில் நாம் நிற்குமிடத்தில் வெயில் அடிக்கும். மேலே மலையில் மழை கொட்டியிருக்கும். சில நிமிஷத்தில் வெள்ளம் சுவர்போல் இறங்கும். இதை மலாய் மொழியில் ‘கெபாலா ஆயர்’ என்பார்கள். 2023 ஜூலை 1ஆம் தேதி திரெங்கானு, கெமாமானில் இப்படி வந்த வெள்ளம் ஒரே குடும்பத்தில் 10 பேரைக் கொண்டுபோயிற்று. தண்ணீர் திடீரென்று கலங்கினாலும், இலையும் குச்சியும் மிதந்து வந்தாலும், சத்தம் மாறினாலும் உடனே கரையேறி உயரமான இடத்துக்குப் போக வேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் கிழக்குக் கரைக் கடல் விளையாட்டுக்கு உரியதன்று.

வெயிலையும் அற்பமாக எண்ணலாகாது. தொடர்ந்து 3 நாள் 35 முதல் 37 டிகிரி வரை வெப்பம் இருந்தால் வானிலை இலாகா அதை முதல்நிலை எச்சரிக்கையாக அறிவிக்கிறது. அத்தகைய நாளில் நண்பகலில் அணிவகுப்புப் பழக்குவது வீரமன்று. ரமலானில் நோன்பு வைத்த பிள்ளைகளை வைத்து முகாம் நடத்துவோர் இதை இன்னும் கவனிக்க வேண்டும். தலைசுற்றுகிறது என்று சொல்லும் பிள்ளையைக் “கோழை” என்று பரிகசிக்கும் பயிற்சியாளர், பயிற்சியாளராக இருக்கத் தகுதியற்றவர்.

ஐந்தாவது கேள்வி: உடம்புக்கு முடியாமற்போனால் என்ன செய்வீர்கள்? பக்கத்து மருத்துவமனை எது, கொண்டுபோக வண்டி இரவிலும் நிற்குமா, முதலுதவி தெரிந்தவர் யார் என்று கேட்க வேண்டும். நம் பங்குக்கு, பிள்ளைக்கு ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை இருந்தால் மறைக்காமல் எழுதிக் கொடுக்க வேண்டும். முகாமில் சேர்க்கமாட்டார்களே என்று மறைப்பது பிள்ளைக்கு நாமே செய்யும் தீங்கு. ஆற்றில் குளித்து வந்த பிள்ளைக்குச் சில நாளிலோ, இரண்டு மூன்று வாரத்திலோ காய்ச்சல் கண்டால், ஆற்றில் குளித்த விவரத்தை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். எலியின் சிறுநீர் கலந்த நீரால் வரும் எலிக்காய்ச்சல் சாதாரணக் காய்ச்சல்போல் தொடங்கும். காலத்தோடு மருந்து கொடுத்தால் குணமாகும்.

ஆறாவது கேள்வி: பிள்ளை எங்களோடு எப்படிப் பேசும்? கைத்தொலைபேசியை வாங்கி வைப்பது பல முகாம்களில் வழக்கம், அது தவறன்று. ஆனால் பிள்ளை விரும்பினால் வீட்டோடு பேச வழியிருக்க வேண்டும்; நாம் விரும்பினால் முன்னறிவிப்பின்றிப் போய்ப் பார்க்கவும் அனுமதி இருக்க வேண்டும். “முகாம் முடியும்வரை பெற்றோர் வரவே கூடாது” என்று சொன்னால், ஏன் என்று கேளுங்கள். தக்க பதில் வராவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.

எச்சரித்தவரின் சொல்லைக் கேட்டல்

கேள்வி கேட்பவரைத் தொந்தரவுக்காரர் என்று ஒதுக்குவது எங்கும் உள்ள குணம். அதன் பலனை இங்கிலாந்தில் நடந்த ஒரு சம்பவம் காட்டுகிறது. 1993 மார்ச் 22ஆம் தேதி லைம் விரிகுடாவில் ஒரு பள்ளியின் மாணவர் 8 பேரைச் சிறு படகுகளில் கடலுக்குள் அழைத்துச் சென்றார்கள். காற்று இழுத்துப்போய்ப் படகுகள் கவிழ்ந்தன. உதவி வரத் தாமதமாயிற்று. நான்கு பிள்ளைகள் இறந்தார்கள். அதற்கு முந்தின ஆண்டே, அந்த நிலையத்தில் வேலை பார்த்த பயிற்சியாளர் இருவர் பாதுகாப்பு போதாது என்று நிர்வாகிக்குக் கடிதம் எழுதி எச்சரித்திருந்தார்கள். கடிதம் கவனிக்கப்படவில்லை. 1994இல் நிறுவனமும் அதன் நிர்வாக இயக்குநரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பாகி, இயக்குநர் சிறை சென்றார். மறு ஆண்டு, சாகசப் பயிற்சி நிலையங்களுக்கு உரிமம் வேண்டும் என்று பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. சட்டம் வந்தது நல்லதே. ஆனால் அதற்குமுன் வந்த கடிதத்தைப் படித்து நடந்திருந்தால் நான்கு வீடுகளில் அழுகுரல் கேட்டிராது.

பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவை

பெரியவர்களிடம் மரியாதையாக நடக்க வேண்டும் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம். அது நம் பண்பாடு. ஆயினும், மரியாதை என்பது எதற்கும் உடன்படுவது அன்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உன் உடம்பின் மறைவிடங்களை ஒருவரும் தொடக் கூடாது, பார்க்கக் கூடாது, படம் பிடிக்கக் கூடாது. தொட முயன்றால் உஸ்தாதாக இருந்தாலும், ஆசிரியராக இருந்தாலும், அண்ணன் முறையுள்ளவராக இருந்தாலும், “வேண்டாம்” என்று சத்தமாகச் சொல்லிவிட்டு ஆள் இருக்கும் இடத்துக்கு ஓடு என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். இதைச் சொல்லுவது வெட்கக்கேடு அன்று. குளிப்பின் சட்டங்களைப் பிள்ளைகளுக்குக் கூச்சமின்றிக் கற்பிக்கும் சமுதாயம் நாம். இதையும் கற்பிக்க நம்மால் முடியும்.

“இதை வீட்டில் சொல்லாதே” என்று எந்தப் பெரியவர் சொன்னாலும், அதுவே வீட்டில் சொல்ல வேண்டிய முதல் விஷயம் என்று பிள்ளை அறிந்திருக்க வேண்டும். கெட்ட எண்ணமுள்ளவன் முதல் நாளே கெட்டவனாக வருவதில்லை. தனியாகப் புகழுவான், தின்பண்டம் வாங்கித் தருவான், கைத்தொலைபேசியில் இரவில் செய்தி அனுப்புவான், பெற்றோரிடமும் நல்ல பெயர் எடுப்பான். பிறகுதான் நெருங்குவான். இது ஆண்பிள்ளைக்கும் பெண்பிள்ளைக்கும் பொது. ஆண்பிள்ளைக்கு என்ன வந்துவிடும் என்ற எண்ணத்தினால் நாம் பல ஆண்பிள்ளைகளின் வாயை அடைத்திருக்கிறோம். மூத்த மாணவர் இளையவரை அடிப்பதும், இழிவான காரியங்களைச் செய்யச் சொல்லுவதும் ‘பழக்குதல்’ ஆகாது என்பதையும் சொல்லிவையுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான்: “நீ எதைச் சொன்னாலும் அத்தாவும் அம்மாவும் உன்னைக் கோபிக்க மாட்டோம்.” இந்த ஒரு வாக்கை முகாமுக்குப் போகுமுன் கொடுங்கள், திரும்பி வந்தபின் காப்பாற்றுங்கள்.

ஏதேனும் நேர்ந்துவிட்டால்

முகாமிலிருந்து வந்த பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், ஒருவரைக் கண்டு ஒளிந்தால் என்னவென்று மெதுவாகக் கேளுங்கள். சொல்லத் தொடங்கினால் குறுக்கிடாமல் கேளுங்கள். “நீ ஏன் அங்கே போனாய்?” என்ற கேள்வி மட்டும் வாயில் வரக் கூடாது. “சொன்னது நல்லது, உன்மேல் குற்றமில்லை” என்று சொல்லுங்கள். ஒவ்வோர் உறவினரிடமும் திரும்பத் திரும்பச் சொல்லவைக்காதீர்கள். உடுப்பைத் துவைக்காமல் எடுத்துவைத்து, தாமதமின்றி அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். நம் பக்கத்தில் ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனை இருக்கிறது. போலீசுக்கு 999, சமூகநல உதவிக்கு ‘தாலியான் காசே’ என்னும் 15999. இரண்டும் இரவு பகல் எந்நேரமும் இயங்குபவை.

இங்கே நம் சமுதாயத்தாருக்கு ஒரு வார்த்தை ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட காரியங்களை ஜமாஅத்துக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளலாம், குடும்ப மானம் போகும், பெண்ணுக்கு நாளை வரன் வராது என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. அவர்கள் எண்ணம் நல்லதாயிருக்கலாம். அதனால் விளைவது கேடு. தப்பியவன் அடுத்த முகாமுக்குப் போகிறான். அடுத்த வீட்டுப் பிள்ளை அகப்படுகிறது. மானம் போக வேண்டியது குற்றம் செய்தவனுக்கே; குழந்தைக்கு அன்று.

சட்டமும் அமுக்கிவைப்பதை அனுமதிப்பதில்லை. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்கள் பற்றி நம் நாட்டில் 2017ஆம் ஆண்டு வந்த சட்டத்தின்படி, 18 வயதுக்குட்பட்ட எவரும் குழந்தையே. குற்றம் நடந்தது தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாதவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு. தீய நோக்கத்தோடு குழந்தையிடம் செய்தி அனுப்பிப் பழகி வசப்படுத்துவதே தனிக் குற்றம். ஆசிரியர், விடுதிக் காப்பாளர், பயிற்சியாளர் போன்று நம்பி ஒப்படைக்கப்பட்டவரே குற்றம் செய்தால், அக்குற்றத்துக்குரிய தண்டனையோடு மேலும் 5 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் சேரும். நம்பிக்கைத் துரோகத்தைச் சட்டம் தனியாக எடைபோடுகிறது என்பது கவனிக்கத்தக்கது.

சங்கங்களின் கடமை

பெற்றோருக்குச் சொன்னதெல்லாம் நம்மைப் போன்ற சங்கங்களுக்கும் பொருந்தும். நாமும் முகாம் நடத்துகிறோம். நாமும் பிள்ளைகளை வாங்கிக்கொள்கிறோம். நம் ஆட்களெல்லாம் தொழுகையாளிகள், நல்லவர்கள் என்ற நினைப்பில் விதிகளை விட்டுவிடலாகாது. விதி நல்லவரையும் காக்கிறது. வீண்பழி அவர்மேல் விழாதபடி செய்கிறது.

அமெரிக்கச் சாரணர் இயக்கத்தின் கதை எல்லாச் சங்கங்களுக்கும் ஒரு பாடம். தவறாக நடந்ததாகச் சந்தேகிக்கப்பட்ட தலைவர்களின் விவரங்களை அவ்வியக்கம் பல்லாண்டுகளாக ரகசியக் கோப்புகளில் எழுதி வைத்திருந்தது. இயக்கத்தின் நற்பெயர் கருதி அவற்றில் பல போலீசுக்குப் போகவேயில்லை. நீதிமன்ற உத்தரவினால் 2012இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் வெளிவந்தன. 2020இல் அவ்வியக்கம் கடன் தீர்க்க இயலாதென்று நீதிமன்றத்தை நாடியது. சிறு வயதில் கொடுமைக்கு ஆளானோம் என்று 80,000க்கும் மேற்பட்டோர் முன்வந்து முறையிட்டார்கள். நற்பெயரைக் காக்க மறைத்தார்கள். மறைத்ததனாலேயே நற்பெயர் போயிற்று.

ஆகவே ஒவ்வொரு சங்கமும் சில விதிகளை எழுதி, மண்டபத்துச் சுவரில் எல்லோரும் பார்க்க ஒட்டிவைக்க வேண்டும். பெரியவர் எவரும் ஒரு பிள்ளையோடு தனித்திருக்கலாகாது. ஆண்பிள்ளை, பெண்பிள்ளை, பெரியவர் ஆகியோருக்குத் தூங்கவும் குளிக்கவும் தனித்தனி இடம் வேண்டும். பெற்றோர் பார்க்க முடியாதபடி பிள்ளைகளுக்குத் தனிச் செய்தி அனுப்பக் கூடாது. பேருந்தில் ஏறும்போதும், இறங்கும்போதும், தண்ணீரை விட்டுக் கரையேறும்போதும் தலை எண்ண வேண்டும். புகார் கேட்க ஆண் ஒருவரும் பெண் ஒருவரும் பெயர் குறித்து நியமிக்கப்பட வேண்டும். புகார் நிர்வாகியைப் பற்றியதாக இருந்தால் எங்கே போவது என்பதும் எழுதப்பட வேண்டும். சிறு காயமும், தப்பிய விபத்தும் ஒரு புத்தகத்தில் பதிவாக வேண்டும். இன்று வழுக்கிய கல்லைக் குறித்துவைத்தால்தான் அடுத்த ஆண்டு அதில் இன்னொரு பிள்ளை விழாது.

இவற்றுக்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. கேட்பவருக்குத் துணிவும், கேட்கப்படுபவருக்குப் பொறுமையும் இருந்தால் போதும். உங்கள் பிள்ளையை நம் முகாமுக்கு அனுப்பும்போதும் இதே ஆறு கேள்விகளை நம்மிடம் கேளுங்கள். பதில் சொல்லுவது நம் கடமை. சொல்லத் தவறினால் பிள்ளையை அனுப்பாதிருப்பது உங்கள் உரிமை. முயற்சியை நாம் குறையின்றிச் செய்து, பிறகு அல்லாஹ்விடம் பொறுப்புச் சாட்டுவோமாக. நம் பிள்ளைகள் போன உற்சாகத்தோடே வீடு திரும்ப அவன் அருள்புரிவானாக. ஆமீன்.

வீட்டிலிருந்து கலந்து பேச

1. நம் பிள்ளை கடைசியாகப் போன முகாமில் உடன் தங்கிய பெரியவர்களின் பெயர் நமக்குத் தெரியுமா?

2. நம் பிள்ளைக்கு அத்தா, அம்மாவின் தொலைபேசி எண் மனப்பாடமாகத் தெரியுமா?

3. நம் பள்ளிவாசல் மண்டபத்தில் அல்லது மதரஸாவில் பிள்ளைகள் இரவு தங்கினால், தீப்பற்றும் வேளையில் வெளியேற எத்தனை வழிகள் உண்டு? அவற்றின் சாவி யாரிடம் இருக்கிறது?

4. ஒரு பெரியவரைப் பற்றிப் பிள்ளை குறை சொன்னால், நம் வீட்டில் முதலில் வரும் பதில் என்னவாக இருக்கும்?